நாலு வீட்டுக் குழந்தை

ஒருத்தரைப் பற்றி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தராசக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். போன வாரம்கூட மலையிலிருந்து இறங்கி வந்து, முள் ஒட்டுகிறது, வேறு தராசு கொடுங்கள் என்று பழையதை என் மேசைமேல் டொம்மென்று வைத்துவிட்டுப் போனாள். அவள் இருக்கும்போதே எழுதுவதற்குக் காரணம், இதில் தப்பு இருந்தால் அவளே வந்து சண்டை போடட்டும் என்பதுதான்.

நான் அடிவாரத்து ஊரில் சுகாதார அலுவலகத்தில் எழுத்தர். மலைமேல் பழங்குடிக் குடியிருப்புகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதம் ஒருமுறை எடை போடுவார்கள். அந்த எடைகள் என்னிடம் வரும். நான் பெரிய தாளில் ஏற்றுவேன். பதினோரு வருடமாக இதுதான் வேலை. இங்கே சொல்லப்போகும் அந்த எடை நாள்வரை ஒரு பிள்ளையின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. கிலோவும் கிராமுமாகத்தான் அவர்களை எனக்குத் தெரிந்திருந்தது.

தராசக்கா அந்த மலைக்காரிதான். தார்ச்சாலை முடிகிற இடத்தில் எடை மையம் இருக்கிறது, அதை ஒட்டி அவள் வீடு. அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் மேல் குடியிருப்பு. பதினோரு வீடுகள், பலகைச் சுவர், தகரக் கூரை. கதவுகளில் தாரால் நம்பர் எழுதியது எங்கள் அலுவலகம். அவள் பிறந்தது அங்கேதான். அவள் அம்மாவுக்கு ஐந்து பிரசவம். மிஞ்சியது மூத்தவளான இவளும் கடைசித் தங்கையும். நடுவில் பிறந்த மூன்று பேரைப் பற்றிக் கேட்டால், "வந்தாங்க, வீட்டைச் சுத்திப் பாத்தாங்க, போயிட்டாங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்கிறவளுக்குத்தான் சாப்பாடு தொண்டையில் நிற்கும்.

மேல் குடியிருப்பில் எட்டாவது வரை படித்த முதல் பெண் அவள். அதனால்தான் வேலை கிடைத்தது. மரம் வெட்டும் முகாமிலிருந்து வந்த புருஷன், பிள்ளைகளை எடை போட்டு யாருக்கு விற்கப் போகிறார்கள் என்று கேலி செய்தானாம். உன்னைப் போட்டால் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள் என்று இவள் பதில் சொன்னாளாம். அதற்குப்பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

மையத்தின் உத்தரத்தில் ஒரு கொக்கி. அதில் வட்டத் தராசு தொங்கும். அதன் கீழே கால் நுழைக்க இரண்டு ஓட்டை போட்ட துணித்தொட்டில். பிள்ளையை அதில் உட்கார வைத்து விட்டால் கால்கள் அந்தரத்தில் ஆடும், முள் ஆடி நிற்கும். தராசக்கா பிள்ளையின் முதுகுப்பக்கம் நின்று முள்ளை மட்டும் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்கு ஒரு கதை உண்டு. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்ததாம். மனசு இளகி இருநூறு கிராம் கூட்டி எழுதிவிட்டாள். அந்த இருநூறு கிராமால் அந்தப் பிள்ளையை ஒரு மாதம் யாரும் கவனிக்கவில்லை, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. "மூஞ்சியப் பாத்தா முள்ளு நம்ம மனசுக்கு ஏத்தாப்ல நகரும்" என்பாள். நான் அதைக் கேட்டு மெச்சினேன். அதை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

அலுவலகம் கொடுத்த வண்ண அட்டைகள் மலை ஈரத்தில் கூழாகிவிட்டதால், அவளாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். எடை போட்டதும் பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு நூல் கட்டுவாள். பச்சை என்றால் நல்லபடி இருக்கிறது. மஞ்சள் என்றால் கூடுதல் சத்துமாவு. சிவப்பு என்றால் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்க வேண்டும்.

சத்துமாவிலும் அவள் கை உண்டு. முன்னெல்லாம் ஒப்பந்தக்காரர் மூட்டையில் அனுப்புவார், பாதி புழுத்திருக்கும். மேல் குடியிருப்புப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, ஒரு மூட்டையையும் இறக்கவிடாமல் வண்டியோடு திருப்பி அனுப்ப வைத்தாள். மூன்று தடவை வந்த வண்டி மூன்று தடவையும் அப்படியே போயிற்று. கடைசியில் தானியத்தை மட்டும் கொடுங்கள், வறுத்து அரைப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதி வாங்கினார்கள். கைநாட்டு வைக்கிற ஏழு பெண்கள். என் அதிகாரி அன்று முழுக்க முணுமுணுத்தார். நான் கழிப்பறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். நீங்கள் ஒற்றுமையாக நின்றால் ஒருத்தராலும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது என்று வாராவாரம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தராசக்காதான்.

பிறகு அந்தச் சாவு வந்தது. ஏழாம் நம்பர் வீட்டு மூத்த பையனுக்குச் சிவப்பு நூல் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். வார்டில் தாயார் ஒருத்தி மட்டும் தங்கலாம் என்பது விதி. தாய்க்கு வீட்டில் பால்குடிப் பிள்ளை இன்னொன்று இருந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவள் மலைக்குத் திரும்ப, பதிலுக்குப் பையனின் சித்தி வந்தாள். அவள் வேறு யாருமில்லை, தராசக்காவின் தங்கைதான். அக்காளுடைய நூலை நம்பித்தான் ஓரகத்தியைச் சமாதானப்படுத்தி அனுப்பியிருந்தாள். வார்டு வாசலில் நீ அம்மாவா என்று கேட்டார்கள். இல்லை, சித்தி என்றாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊட்ட ஆளில்லாமல் கிடந்த பையன் ஒன்பதாம் நாள் ஜீப்பில் வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து மேல் குடியிருப்பில் தராசக்காவை எந்த வீட்டுப் படியும் ஏறவிடவில்லை. தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டாள். எடை நாளில் மட்டும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கு இறங்கி வருவார்கள், எடை போடுவார்கள், வாய் திறக்காமல் ஏறிப் போவார்கள்.

விசித்திரம் என்னவென்றால் அதற்குப்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் மேல் குடியிருப்பில் சிவப்பு நூலே இல்லை. எங்கள் அலுவலகம் தராசக்காவுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தது.

நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று பீற்றிக்கொள்ள ஆசை. உண்மையில் எண்கள் தாமாகவே என் கண்ணில் வந்து விழுந்தன. நாலு, ஏழு, ஒன்பது, பதினொன்று. இந்த நாலு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே வயதில், இரண்டைத் தொடும் பிள்ளைகள். ஒரு மாதம் 9.8, 9.9, 10.1, 10.2. அடுத்த மாதம் 10, 10.1, 10.3, 10.4. எப்போதும் அதே வரிசையில் ஏறும். காய்ச்சல் பரவிய மாதம் நாலு பேருக்கும் சொல்லிவைத்ததுபோல ஒரு கிராம்கூட ஏறவில்லை. நாலு மாதத் தாள்களை வரிசையாக விரித்து வைத்துப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, என் கழுத்து சில்லிட்டது. பிறகு கோபம் வந்தது. தராசக்கா வீட்டில் உட்கார்ந்து எண்களைக் கற்பனை செய்து எழுதுகிறாள், சான்றிதழும் வாங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். அடுத்த எடை நாளில் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஜீப்பில் ஏறினேன்.

காலை பத்து மணிக்கே மையத்தைப் பனிமூட்டம் சூழ்ந்திருந்தது. வாசலுக்கு நாலு அடி தள்ளி இருந்த சமையல் கொட்டகை தெரியவில்லை, அதன் புகை மட்டும் வந்தது. பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி எழுந்து கொட்டகைக்குப் போய் மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். ஆபீஸம்மா வந்திருக்கிறாள் என்பதாக இருக்கும். நான் தராசுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகளின் முகம் என் பக்கம் திரும்பி இருக்கும் இடம் அது.

நாலாம் நம்பர் வீட்டுப் பெண்குழந்தை வந்தது. புசுபுசுவென்ற கன்னம், எண்ணெய் தேய்த்து வாரிய தலை, நீலச் சட்டை. தொட்டிலில் ஆடியபடி என்னையே உற்றுப் பார்த்தது. தராசக்கா முள்ளைப் பார்த்து 10.6 என்றாள், பச்சை நூலைக் கட்டினாள். இரண்டு மூன்று வேறு பிள்ளைகள் வந்து போயின. அரை மணி கழித்து ஏழாம் நம்பர் வீட்டுப் பையன். தலையில் குல்லாய், கட்டம் போட்ட சட்டை. அதே கன்னம். 10.7. அவனும் என்னை அதே மாதிரி இமைக்காமல் பார்த்தான். இந்த ஊரில் பிள்ளைகள் எல்லாம் ஒரே ஜாடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பதாம் நம்பர் வந்தபோது குழந்தை கொட்டாவி விட்டது. வயிறு சட்டைப் பொத்தானை முட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் நூலை அவிழ்த்த தடம் தெரிந்தது. 10.9. எழுந்து வெளியே போய்விடலாமா என்று தோன்றியது.

பதினொன்றாம் நம்பர், தராசக்காவின் தங்கை, முப்பது வயதிருக்கும், தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். புதுசாகத் தைத்த மஞ்சள் சட்டை. தொட்டிலில் உட்கார வைத்ததும் குழந்தை விழித்தது. என்னைப் பார்த்தது. நாலாவது முறையாகப் பார்க்கும் தெரிந்த முகம் இல்லையா, சிரித்துவிட்டுக் கையை நீட்டியது. 11 கிலோ. தங்கை அக்காளுடைய முகத்தைப் பார்க்காமல் தராசிடம் கேட்பதுபோல, போன மாதத்தைவிட எவ்வளவு கூட என்று கேட்டாள். இருநூறு என்றாள் தராசக்கா. தங்கையின் முகத்தில் ஒரு பூரிப்பு வந்தது பாருங்கள், அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். பொய் சொல்கிறவள் முகம் அப்படி இருக்காது.

"அக்கா, இந்தப் பிள்ளை காலையிலேருந்து நாலு தடவை வந்துடுச்சு" என்றேன்.

தராசக்கா நூலைக் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். தொட்டிலைப் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் திருப்பினாள். குழந்தையின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு இது யாருடைய பிள்ளை என்று கேட்டாள். நாலாம் நம்பர்காரி என்னுடையது என்றாள். மற்ற மூன்றும் எங்கே என்று கேட்டதற்கு, வீட்டில் என்று ஏழாம் நம்பர்காரி பதில் சொன்னாள்.

பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பையன் செத்த பிறகு ஏழு பெண்களும் கூடி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இனி ஒரு பிள்ளையும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று முடிவு. மெலிந்த பிள்ளைகளுக்குப் பதிலாக, குடியிருப்பிலேயே தேறின பிள்ளையைச் சட்டை மாற்றிக் கொண்டுவருவது. கொட்டகையில்தான் சட்டை மாற்றுவார்கள். எடையில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், ஒவ்வொருத்தியும் தன் முறை வரும்போது அதற்கு ஒரு கிண்ணம் கூழ் ஊட்டிவிட்டுத்தான் தூக்கி வந்திருக்கிறாள். பேருக்குத்தான் தன் பிள்ளை என்றாலும், வெறும் வயிற்றோடு தூக்கிவர ஒருத்திக்கும் மனசு வரவில்லை. அதனால்தான் வீட்டுக்கு வீடு எடை ஏறியது.

தராசக்கா தராசைக் கழற்றவில்லை, நோட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். நான் பின்னால். எனக்குப் பின்னால் பெண்கள், ஒருத்தி காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நடுவழியில் தராசக்கா நின்று மூச்சு வாங்கினாள். "ஒத்துமையா இருங்கன்னு நான்தான் சொன்னேன். இருந்திருக்காங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

மேல் குடியிருப்புக்குள் நுழைந்ததும் எனக்கு என்னவோ தப்பாகப் பட்டது. என்ன என்று புரியச் சிறிது நேரம் ஆயிற்று. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு அழுகை இல்லை, ஒரு சிணுங்கல் இல்லை. ஆண்கள் எல்லோரும் மரம் வெட்டும் முகாமில். கதவுகள் சாத்தியிருந்தன. மூட்டத்தில் தார் எழுத்து மட்டும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

ஏழாம் நம்பர் வீட்டில் தராசக்கா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இரண்டு வயதுப் பையன் அங்கே உட்கார்ந்திருந்தான், தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு. எடை நாளென்றால் அப்படி இருக்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். வெளியே இழுத்துத் தூக்கினாள். அப்போதும் அவன் கையை எடுக்கவில்லை. மஞ்சள் நூல் என்றாள். அவள் குரல் வேலை செய்யும்போது இருக்கும் குரலாகவே இருந்தது.

ஒன்பதாம் நம்பரில் பெண்குழந்தை பாயில் கிடந்தது. பக்கத்தில் ஆறு வயது அக்காள் மூன்று மாதக் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாயில் கிடந்த குழந்தைக்குக் கைகள் குச்சி, பாதம் மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. தராசக்கா அந்தப் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. குழந்தை வலிக்கிறது என்றுகூட முகம் சுளிக்கவில்லை. ஜீப் கீழே நிற்கிறது, இன்றைக்கே போக வேண்டும், நாளைக்கு என்றால் வேண்டாம் என்றாள் தராசக்கா. ஒன்பதாம் நம்பர்காரி தலையை ஆட்டினாள். பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு அவள் போக முடியாது. அவள் போகவில்லையென்றால் இது அங்கே தனியாகச் சாகும், சாகிறது என்றால் இங்கேயே சாகட்டும். மற்றப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கத்தவில்லை, கையை நீட்டவில்லை. வெறுமனே நின்றார்கள். புழுத்த மூட்டைகளைத் திருப்பி அனுப்பியபோதும் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தராசக்கா தங்கையைத் தேடினாள். "உன்னுது எங்க?" என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் தங்கையிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"வா" என்றாள் தங்கை.

வழிவிட்டார்கள். பதினொன்றாம் நம்பர் கடைசி வீடு. ஒற்றை அறை, துடைத்து வைத்ததுபோலச் சுத்தம். அடுப்போரம் ஒரு சின்னத் தட்டும் சின்ன டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தன. கொடியில் நாலு குழந்தைச் சட்டைகள். ஒரே துணி, ஒரே தையல், அளவு மட்டும் ஒன்றைவிட ஒன்று பெரிது. உத்தரத்திலிருந்து ஒரு துணித் தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கதவு திறந்த காற்றுதான் என்று சொல்லிக்கொண்டேன். தராசக்கா தொட்டிலை விலக்கிப் பார்த்தாள். மடித்த போர்வை ஒன்று இருந்தது. நடுவில் பள்ளம் விழாமல் மடிப்புக் கலையாமல் இருந்தது.

தங்கை பின்கதவைத் திறந்தாள். வெளியே பத்தடி தூரத்தில் ஒரு சின்ன மேடு. புல் முளைத்திருந்தது.

ஜீப் வராத மழை மாதத்தில், வயிற்றுப்போக்கில் மூன்றே நாளில் போயிற்றாம். புருஷன் முகாமில். பெண்களே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த எடை நாளில் தங்கை தானும் வருவேன் என்றாளாம். பதினொன்றாம் நம்பர் என்று கூப்பிடும்போது ஆள் இல்லாமல் இருக்கக்கூடாது என்றாளாம். மற்றவர்களுக்கு மறுக்க மனசில்லை. நாலு மாதமாக நோட்டில் அந்தக் குழந்தையின் எடை கூடிக்கொண்டே இருந்தது. கூடக்கூட இவள் பெரிய சட்டையாகத் தைத்தாள்.

"நாலு மாசமா நீதானக்கா தூக்கிட்டிருந்த. உன் கைக்குத் தெரியலையா?" என்று கேட்டாள் தங்கை. சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

தராசக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளை அதற்கு முன்போ பின்போ அப்படிப் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னுடைய பெரிய தாளில், செத்துப்போன ஒரு குழந்தைக்கு நாலு மாதமும் அழகான கையெழுத்தில் எடை ஏற்றியவள் நான். முகத்தைப் பார்க்காதவள் அவள் ஒருத்தி மட்டும்தானா?

எங்களை எழுப்பியது தங்கைதான். அக்காளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு நேராக ஒன்பதாம் நம்பருக்குப் போனாள். பாயில் கிடந்த குழந்தையைத் தூக்கி அந்தச் சட்டையைப் போட்டாள். கணுக்கால் வரை வந்தது. தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒன்பதாம் நம்பர்காரி பாய்ந்து வந்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குப் பால்குடிப் பிள்ளை இருக்கு. எனக்கு வீட்ல யாரு இருக்கா? நான் கூட இருக்கேன்."

"திருப்பிக் குடுப்பியா?" என்று கேட்டாள் தாய்.

அந்தக் கேள்வி எல்லோர் மனசிலும் இருந்தது. என் மனசிலும் இருந்தது. தங்கை குழந்தையின் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். பெண்கள் வாசலிலேயே நின்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஏழாம் நம்பர்காரி, இரண்டு வருடத்துக்கு முன் பையனைப் பறிகொடுத்தவள், முதலில் நகர்ந்தாள். மற்றவர்கள் அதன்பிறகு நகர்ந்தார்கள். ஒன்பதாம் நம்பர்காரி கடைசியாகக் கையை எடுத்தாள்.

வார்டு வாசலில் மாலை நாலு மணிக்கு நர்ஸ் படிவத்தை நீட்டி அம்மா யார் என்று கேட்டாள். "நான்தான்" என்றாள் தங்கை. நர்ஸுக்குச் சந்தேகம். குழந்தை அவளிடம் ஒட்டவில்லை, துணிமூட்டைபோலக் கிடந்தது. ஆபீஸிலிருந்து வந்திருக்கிறீர்களே, நீங்களே சொல்லுங்கள் என்று என்னிடம் திரும்பினாள். தங்கை என் காதோரம் குனிந்தாள். "போன தடவை உண்மையத்தான் சொன்னேன்" என்றாள். பொய் எடையைப் பிடிக்கக் கிளம்பிப் போன நான், தாயார் என்ற இடத்தில் அவள் பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இருபத்திரண்டு நாள். தினமும் வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். ஐந்தாம் நாள் எடை நானூறு கிராம் இறங்கிவிட்டது, என் உயிரே இறங்கிவிட்டது. உடம்பில் கட்டிய நீர் வடிகிறது, இது நல்லதுக்குத்தான் என்று நர்ஸ் விளக்கினாள். அதற்குப்பிறகு ஏற ஆரம்பித்தது. தங்கை இரண்டு மணிக்கு ஒருமுறை கரண்டி கரண்டியாக ஊட்டினாள். தூங்கினாளா என்றே தெரியவில்லை. ஆனால் பத்தாம் நாள் ஒன்று கவனித்தேன். குழந்தையை அதன் பேர் சொல்லி அவள் கூப்பிடவில்லை. செத்த மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதினைந்தாம் நாள் குழந்தை அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தது. இருபதாம் நாள் அந்தப் பேருக்குச் சிரித்தது. எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

பார்க்க வந்த தராசக்காவை வராந்தாவுக்கு இழுத்துப் போய் இதைச் சொன்னேன். அவளும் கவனித்திருந்தாள். "முதல்ல பிள்ளை சாப்பிடட்டும்" என்றாள். அப்புறம் திருப்பித் தராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தெரியாது என்றாள். அவள் வாயிலிருந்து தெரியாது என்ற வார்த்தையை நான் கேட்டது அன்றுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய நாளில் குழந்தை 8.3 கிலோ. மூவரும் மலை ஏறினோம். தங்கை குழந்தையை யாரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை, ஒரு மணி நேர ஏற்றத்தையும் நிற்காமல் ஏறினாள். நாங்கள் பின்தங்கிவிட்டோம். குடியிருப்பை எட்டியபோது பெண்கள் அத்தனை பேரும் வெளியே நின்றிருந்தார்கள். ஒன்பதாம் நம்பர்காரி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வாசலில் நின்றாள். தங்கை அந்த வாசலைத் தாண்டிப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினொன்றாம் நம்பர் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.

ஒன்பதாம் நம்பர்காரி தராசக்காவைப் பார்த்தாள். தராசக்கா ஒரு அடி எடுத்து வைத்தாள், நின்றுவிட்டாள். கதவுக்குப் பின்னால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. பிறகு குழந்தை சிரிக்கும் சத்தம். மலை ஏறி வந்த வேர்வை என் முதுகில் ஐஸாக இறங்கியது. போய்க் கதவைத் தட்ட எங்களில் ஒருத்திக்கும் தைரியம் இல்லை.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. கதவு திறந்தது. குழந்தை வெறும் ஜட்டியோடு இருந்தது. மகளின் சட்டையைக் கழற்றிவிட்டிருந்தாள். நேராக நடந்து வந்து ஒன்பதாம் நம்பர்காரியின் இன்னொரு இடுப்பில் குழந்தையை வைத்தாள். அதன் சொந்தப் பேரைச் சொல்லி, "அம்மாகிட்ட போ" என்றாள். குழந்தை அவளிடமே திரும்பக் கையை நீட்டி அழுதது, தொண்டை கிழிய, அந்தக் குடியிருப்பில் நான் கேட்ட முதல் அழுகை. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பிறகு அக்காளிடம் வந்தாள்.

"நோட்டைத் திற. அவ பேரை அடிச்சிடு."

தராசக்கா பையிலிருந்து நோட்டை எடுத்துத் திறந்தாள், பேனாவையும் எடுத்தாள். பக்கத்தைப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தேடினாள். எண்ணையும் எழுத்தையும் இருட்டில்கூடப் படிக்கிறவளுக்கு அந்த ஒரு வரி அகப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தங்கை குனிந்து, பக்கத்தை ஒரே திருப்பாகத் திருப்பி, விரலை வைத்தாள்.

"இங்க இருக்கா பாரு."